பேட்டை பேட்டையாகப் பட்டணம் பார்த்தல்



விடுமுறைக் காலம் நெருங்கும்போது நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்களில் சென்னைக்குப் போய்வர வேண்டுமென்ற ஆசை தலையெடுப்பது வழக்கம். பாட்டியம்மாளுக்குக் கபாலீசுவரரைத் தரிசிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடலையும் மிருகக்காட்சி சாலையையும் பார்க்க வேண்டும். வீட்டு அம்மாளுக்குத் தியாகராய நகரில் புடவை எடுக்க வேண்டும். குடும்பத் தலைவருக்கோ, இவர்கள் எல்லோருடைய விருப்பமும் கைகூடி, எவருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் ஊர் திரும்ப வேண்டும். இவை ஒன்றோடொன்று முட்டாமல் நிறைவேறுவதற்கு ஒரு வழி உண்டு என்பதை, சென்னையிலேயே நெடுங்காலம் குடியிருந்து, ஊரிலிருந்து வரும் சுற்றத்தாரையும் சிநேகிதர்களையும் அழைத்துக்கொண்டு அந்நகரின் வீதிகளில் நடந்து பழகியவன் என்ற முறையில், இன்று உங்கள் முன்னே சொல்ல வந்திருக்கிறேன்.

நம்மவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? ஒரு வேனை நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, காலையில் கோட்டை, பிறகு மியூசியம், மத்தியானம் கிண்டி, சாயங்காலம் மெரீனா, இரவு ரங்கநாதன் தெரு என்று ஒரு பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்படுகிறார்கள். பட்டியலிலுள்ள இடங்களில் கழிக்கும் நேரத்தைக் காட்டிலும், அண்ணா சாலையிலும் கோடம்பாக்கத்திலும் வாகன நெரிசலில் வண்டிக்குள்ளே உட்கார்ந்திருக்கும் நேரமே மிகுதியாகிறது. நான்காவது இடம் வந்து சேருவதற்குள் கைக்குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிடுகிறது. பாட்டியம்மாள், “நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்கப்பா, நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லிவிடுகிறார். ஆசையோடு ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்த அந்த மூதாட்டி, வேன் ஜன்னல் வழியே பஸ்களையும் லாரிகளையும் பார்த்தபடி கால்வலியோடு அமர்ந்திருப்பதைக் காணும்போதெல்லாம் என் மனம் மெய்யாகவே வருந்துகிறது. யாருக்காகப் பிரயாணம் ஏற்பட்டதோ அவரே அதில் பங்குபெறாமற் போவது நியாயமன்று.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம், சென்னையை ஒரே நகரமென்று நினைத்து, ஒரே மூச்சில் பார்த்துவிட முற்படுவதுதான். அது ஒரே நகரமாகத் தோன்றி வளர்ந்ததன்று. 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடலோரத்தில் இடம் பெற்றுக் கோட்டை கட்ட ஏற்பாடு செய்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மயிலாப்பூர் சம்பந்தரின் பாடல் பெற்ற ஸ்தலமாகவும், திருவல்லிக்கேணி ஆழ்வார்களால் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற திவ்யதேசமாகவும் விளங்கின. கம்பெனியார் 1676-ல் திருவல்லிக்கேணியையும், 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகிய கிராமங்களையும் தம் வசப்படுத்திக்கொண்டனர். தியாகராய நகரோ வெகு பிந்தியது; நீண்டு கிடந்த ஓர் ஏரியின் படுகையில் 1920-களில் உண்டாக்கப்பட்டது. கிராமங்கள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவிலிருந்த வயலும் தோப்பும் மறைந்து, இன்று நாம் காணும் பட்டணமாயிற்றே தவிர, ஒவ்வொன்றும் தன் கோயிலையும் கடைவீதியையும் தன் பேச்சையும் பலகார ருசியையும் இன்றளவும் விட்டுவிடவில்லை. ஆகவே நாளுக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அங்கே போய், நடந்து பார்த்து, அங்கேயே சாப்பிட்டு, உச்சிவேளையில் இளைப்பாறி, மாலையில் மறுபடியும் வெளியே வாருங்கள். மூன்று நாள் இருக்குமானால் மூன்று பேட்டைகள் போதும். மற்றவை அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

வந்து இறங்குவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். தென் மாவட்டங்களிலிருந்து புறப்படும் அரசுப் பேருந்துகள் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அது பட்டணத்தின் தெற்கு எல்லைக்கும் அப்பால் இருப்பது. மயிலாப்பூருக்கோ எழும்பூருக்கோ போக மேலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் பின்னிரவில் கொண்டுபோய் இறக்கிவிடும் பஸ்ஸைத் தவிர்த்து, விடிந்த பிறகு வந்து சேருவதாகப் பார்த்து ஏறுவது உத்தமம். ரயிலில் வருகிறவர்கள், எழும்பூரா, சென்ட்ரலா, தாம்பரமா என்று டிக்கெட்டிலுள்ள நிலையத்தின் பெயரை ஒரு முறைக்கு இரு முறை படித்துக்கொள்ள வேண்டும். அழைத்துப்போக வந்தவர் ஒரு நிலையத்திலும் வந்தவர்கள் வேறொரு நிலையத்திலும் காத்து நிற்பது இன்றும் நடப்பதுதான்.

நகருக்குள் போய்வரக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிவரும் மின்ரயிலைப் போலச் சௌகரியமானதும் செலவு குறைந்ததும் வேறில்லை. ஆனால் காலை எட்டிலிருந்து பத்து வரையிலும், மாலை ஐந்துக்கு மேலும், ஆபீசுக்குப் போகிறவர்களுடைய கூட்டத்தில் முதியவர்களை ஏற்றக் கூடாது. மற்றொன்று: பெண்கள் மகளிர் பெட்டியிலும் ஆண்கள் பொதுப்பெட்டியிலும் பிரிந்து ஏறுவதானால், இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரையும், அதற்கு முந்தின நிலையத்தின் பெயரையும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொண்டு ஏறுங்கள், முந்தின நிலையத்திலேயே எழுந்து வாசலருகே வந்து நின்றால்தான், கைப்பிள்ளையோடு இறங்க அவகாசம் கிடைக்கும். 2015-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலில் மின்தூக்கி இருப்பதால் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது மிகவும் உகந்தது. வேளச்சேரிப் பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் நேரே கொண்டுவிடும் என்றாலும், அதன் நிலையங்கள் உயரத்தில் அமைந்திருப்பதால் படியேற மாட்டாதவர்கள் யோசித்தே அதில் வரவேண்டும். முகப்பில் ரோஜா நிறம் தீட்டிய சாதாரணக் கட்டண மாநகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை வெளியூர்த் தாய்மார்கள் பலர் அறியாமல் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுகிறார்கள், அறிந்துகொள்ளுங்கள்.

இனி மயிலாப்பூர். விடியற்காலையில் போக வேண்டிய பேட்டை அது. கபாலீசுவரர் கோயிலில் நடைசாத்தும் நேரம் உச்சிவேளையிலிருந்து நாலு மணி வரையில் என்பதால், பத்து மணிக்கு மேல் நிதானமாகப் புறப்பட்டு வருகிறவர்கள் மூடிய கதவைத்தான் தரிசிக்க நேரும். சுவாமி மேற்கு நோக்கி எழுந்தருளியிருப்பதும், அந்தத் திசையிலேயே திருக்குளம் பரந்திருப்பதும், கிழக்கே 1906-ல் எழுந்த ராஜகோபுரம் நிற்பதும் இத்தலத்தின் அமைப்பு. உள்ளே போனதும் மூலஸ்தானத்துக்கு விரைந்து வரிசையில் நின்றுவிட்டு அதே வேகத்தில் வெளியேறிவிடாதீர்கள். பிராகாரத்திலே ஒரு புன்னை மரம் நிற்கிறது. அதனடியில் அம்பிகை மயில் வடிவெடுத்துச் சிவலிங்கத்தைப் பூஜிக்கும் சந்நிதி உண்டு. பிள்ளைகளை அங்கே நிறுத்தி, அந்த மயில் யார், ஏன் அப்படி வந்தாள் என்ற கதையைப் பாட்டியம்மாளே சொல்லட்டும். பூம்பாவைக்கும் அக்கோயிலில் தனிச் சந்நிதி இருக்கிறது. சாம்பலாய்ப் போன பெண்ணைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய வரலாற்றைச் சொல்ல அதைக் காட்டிலும் பொருத்தமான இடம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. பட்டணம் பார்க்க வந்த குடும்பத்தில் முதியவரே வழிகாட்டியாகி, இளையவர்கள் கேட்பவர்களாகும் அந்த அரைமணி நேரத்துக்காகவே ஒரு நாளை மயிலாப்பூருக்கென்று ஒதுக்கலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

தரிசனம் ஆனபின் மாட வீதிகளைச் சுற்றி வாருங்கள். பூக்கட்டும் பெண்களின் விரல் வேகத்தைப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்க வருகிறவர்களின் பேச்சைக் கேட்டாலே அந்தப் பேட்டையின் குணம் புலப்படும். நவராத்திரிக்கு முந்தின வாரங்களில் வந்தால் வடக்கு மாட வீதி நெடுக கொலு பொம்மைகள் பரப்பி வைத்திருப்பார்கள். ஊருக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல பொருள் இல்லை, ஆனால் வைக்கோல் சுற்றிக் கட்டித் தரச் சொல்லிக் கையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் திருவிழாவன்று, நாயன்மார்கள் வீதிவலம் வருவதும், வீட்டுக்கு வீடு நீர்மோரும் பானகமும் வழங்குவதும் கண்கொள்ளாக் காட்சி என்பதில் ஐயமில்லை. எனினும் கைக்குழந்தையையும் நடக்க மாட்டாதவரையும் அன்று மாலை அந்தக் கூட்டத்துக்குள் அழைத்து வருவதை நான் ஒருபோதும் ஆதரியேன். அவர்கள் வேறொரு நாள் காலையில் வந்தால் சுவாமியை நெருங்கியே காணலாம். மாலையில் சாந்தோம் வரையில் போய், அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறைமீது எழுந்துள்ள தேவாலயத்தைப் பார்க்கலாம். இப்போதுள்ள கட்டடம் 1896-ல் நிறைவேறியது. அங்கே எல்லோரும் போகலாம். மௌனம் காக்க வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திருவல்லிக்கேணிக்கு இன்னொரு நாள். அங்குள்ள பார்த்தசாரதி கோயிலில், தேரோட்டிய திருக்கோலத்தில், மற்றத் தலங்களில் காண்பதற்கரிய மீசையோடு நிற்கும் வேங்கடகிருஷ்ணனையும், பீஷ்மரின் அம்பு தைத்த தழும்புகளைத் திருமுகத்தில் தாங்கியிருக்கும் உற்சவர் பார்த்தசாரதியையும் சேவித்துவிட்டு, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசி நாட்களில் குடியிருந்த இல்லத்துக்கு நடந்தே போய்விடலாம். 1921-ல் அந்த வீட்டில்தான் அவர் காலமானார். பள்ளிக்கூடத்தில் அவர் பாட்டுக்களை மனப்பாடம் செய்த பிள்ளைகள் அந்தக் கூடத்திலும் முற்றத்திலும் கால் வைக்கும்போது, பாடப் புத்தகத்துப் பெயர் ஒரு மனிதராகிவிடுகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில், 1795-ல் ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலும் அதே பேட்டையில் இருக்கிறது. கோயிலும் பள்ளிவாசலும் கவியின் வீடும் ஒரே காலை நேரத்தின் நடைதூரத்தில் அமைந்திருக்கும் இந்தப் பகுதியைக் காரில் கடந்து போகிறவர்கள், இழந்தது இன்னதென்று அறியாமலே போகிறார்கள்.

திருவல்லிக்கேணிக்கு அப்புறம் கடல். வெயில் ஏற ஏற நிலம் சூடேறி, பிற்பகலில் கடலிலிருந்து காற்று புறப்படும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரிந்த விஷயம். ஆகவே உச்சிவேளையில் மணலில் நடக்காமல், நான்கரை மணிக்கு மேல் வாருங்கள். உழைப்பாளர் சிலையைப் பிள்ளைகளுக்கு அருகில் நின்று காட்டுங்கள். தேவி பிரசாத் ராய் சௌதுரி செய்து 1959-ல் நிறுவப்பெற்ற அச்சிலையில், நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கத் தம் உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்திருக்கிறார்கள். அவர்கள் முதுகிலும் ஆடுசதையிலும் இறுகியிருக்கும் பலத்தைச் சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும், ரோட்டிலிருந்து தெரியாது. விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் கட்டடம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-ல் கட்டப்பட்டது. 1897-ல் சுவாமிகள் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது அங்கே தங்கினார். மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் அலையருகே போகும்படி 2022-ல் மணலின்மீது மரநடைபாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை அதன் வழியே அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு விஷயத்தைத் தாய்மார்களிடமும் இளைஞர்களிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மெரீனாவில் இறங்கிக் குளிக்காதீர்கள். கரையை ஒட்டியே ஆழம் சடக்கென்று இறங்குகிறது. திரும்பும் அலை காலடி மணலை அரித்து ஆளை உள்ளே இழுக்கிறது. ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவன் என்ற தைரியம் அங்கே பயன்படாது. நண்பர்களாகச் சேர்ந்து வருகிற வாலிபர்களே பெரும்பாலும் இதற்குப் பலியாகிறார்கள். ஒருவனை அலை இழுக்க, அவனைக் காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போய்விடுகிறான். கணுக்கால் நனைந்தால் போதும். போலீஸார் ஊதும் விசிலைத் தொந்தரவென்று எண்ணாதீர்கள். காணும் பொங்கலன்று, திரளும் ஜனசமுத்திரத்தில் பிள்ளை கைநழுவினால் கண்டுபிடிப்பது எளிதன்று. அன்று கடற்கரையே வேண்டாம்.

கோட்டையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அடையாள அட்டையோடு வாருங்கள், உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் சோதனை உண்டு. 1680-ல் கட்டி முடித்த புனித மேரி ஆலயமும், 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி கோட்டைக் கொத்தளத்தில் ஏற்றிய தேசியக் கொடியைப் பாதுகாத்து வைத்திருக்கும் அருங்காட்சியகமும் அங்கே உள்ளன. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதன் பரப்பு ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமாதலால், பாட்டரி வண்டியில் இடம்பிடித்து விடுவதே பெரியவர்களுக்கு நல்லது. கிளாம்பாக்கத்துக்கு அருகில் இருப்பதால் ஊர் திரும்பும் நாளில் அதை வைத்துக்கொள்வதும் ஒரு வழி.

தியாகராய நகருக்கு எல்லோரும் போக வேண்டுமென்ற கட்டாயமில்லை. புடவை எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். மற்றவர்கள் பனகல் பூங்காவிலோ, அகலமான நடைபாதை அமைத்திருக்கும் பாண்டி பஜாரிலோ இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் ரங்கநாதன் தெருவில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது அபாயம். மாம்பலம் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரையில் 2023-ல் திறந்த ஆகாய நடைபாலத்தில் போனால் அந்த நெரிசலுக்குள் இறங்காமலே கடந்துவிடலாம். பிரிந்து போகிறவர்கள் மீண்டும் கூடுமிடத்தை, “கடை வாசலில்” என்று சொல்லாமல், ஒரு பூங்காவின் வாயில், ஒரு சிலையின் பீடம் என்று எவரிடமும் விசாரித்து வந்து சேரக்கூடிய இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணை எழுதிய காகிதம் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று உறவினர் இல்லத்தில் தங்குவோருக்கும் ஒரு வார்த்தை. பட்டணத்தில் வீடுகள் சிறியவை. தண்ணீரும் பல இடங்களில் அளந்தே வருகிறது. வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். “அத்தை, நாங்க இத்தனை பேர் வர்றோம், இந்த நாள் வர்றோம், காலைச் சாப்பாட்டை வெளியிலேயே பார்த்துக்கிறோம்” என்று ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டால், வரவேற்பில் இருக்கும் அன்பு கடைசி நாள் வரையில் குறையாது. நண்பர்களாகக் கூடி வருகிறவர்கள் புறப்படுமுன்பே ஒருவரைப் பொருளாளராக வைத்துப் பொதுப் பணத்தை அவரிடம் கொடுத்துவிடுவது சிநேகத்துக்கு நல்லது.

காலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறதென்பதற்காகவே அக்னி நட்சத்திரத்தில் பாட்டியம்மாளை அழைத்து வராதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து தெருக்களில் நீர் தேங்கும். மார்கழியும் தையுமே சிலாக்கியமானவை. மார்கழியில் சபாக்களில் கச்சேரிகள் நடக்கும். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட்டே தவிர, மத்தியானத்தில் இளம் வித்வான்கள் பாடுவதைப் பல சபாக்களில் இலவசமாகவே கேட்கலாம். சங்கீத ரஸனை உள்ளவர் உங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்தாலும், அவருக்காக ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்கள்.

ஊர் திரும்பும் நாளில் எழும்பூரிலிருந்து இரவு ரயில் என்றால், காலையிலேயே மூட்டைகளை நிலையத்தின் காப்பறையில் ஒப்படைத்துவிட்டுப் பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். ஆட்டோவில் சில நிமிஷ தூரந்தான். வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் மூடியிருக்கும். 1851-ல் ஸ்தாபிக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், வெண்கலச் சிற்பக்கூடத்துக்கு முதலில் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் அங்கே இருக்கிறார். வலப்புறத்தில் சிவனுக்குரிய இரண்டு கைகள். இடப்புறத்தில் அம்மைக்குரிய ஒரே கை. வலப்பக்கம் நேரே இறங்கும் உடம்பு, இடப்பக்கம் இடையில் ஒடுங்கி, மெல்லச் சரிந்து வளைகிறது. எந்த இடத்தில் ஓர் உருவம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று விரலை வைத்துக் காட்ட எவராலும் இயலாது. சோழர் காலத்து ஸ்தபதியின் கை அது. திருவாலங்காட்டு நடராஜரும் அக்கூடத்திலேயே இருக்கிறார். பிள்ளைகளை அவசரப்படுத்தாமல், ஒரு சிற்பத்தைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க விடுங்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். மாலை ஐந்து மணிக்கு மூடுவார்கள். ரயிலுக்கு நேரம் தாராளமாக இருக்கும். நிலையத்துக்கெதிரே இட்லியும் தயிர்சாதமும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, மூட்டைகளை மீட்டுக்கொண்டு, முதியவர்களைக் கீழ்ப்படுக்கையில் அமர்த்திவிட்டுப் பிறகு சாமான்களை ஏற்றுங்கள்.